ஆறுமுகத்துக்கு ஆறு கை

இங்கிலீஷ் தெரிவது வேறு, இங்கிலீஷ்காரனின் நக்கல் புரிவது வேறு. முதலாவது எனக்கு லண்டனில் வேலை வாங்கித் தந்தது. இரண்டாவது இல்லாமல் நான் பட்ட பாடு இது.

நானும் வாணியும் கல்யாணம் கட்ட அவளுடைய அப்பா ஆறுமுகம் மாமா இன்னும் சம்மதிக்கவில்லை. அவர் எங்கள் கோயிலின் பொருளாளர். அடுத்த வாரத் தேர்தலில் தலைவர் பதவிக்கு நின்றார். (இங்கே பிரதமர் மாறினால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கோயில் தலைவர் மாறினால் கோர்ட்டில் வழக்கு நடக்கும்.) வெம்பிளி மண்டபத்தில் அவருக்கு அறுபதாவது பிறந்தநாள். நல்ல பரிசாகக் கொடுத்து மனுஷனை வளைத்துப் போடலாம் என்று பழைய சாமான் சந்தைக்குப் போனேன்.

கிடைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்லில் வரைந்து அச்செடுத்த ஒரு படம். கோட்டுப் போட்ட வெள்ளைக்கார மந்திரி, ஆறு கைகளோடு! சுற்றி நின்ற சனத்தின் மேல் ஆறு கைகளும் படிந்திருந்தன. ஆசீர்வாதம் என்று நினைத்தேன். கை கூடினால் சாமி என்றுதானே நாம் சின்ன வயதிலிருந்து கண்டது? அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல ஏதோ எழுத்து. அதை யார் வாசிப்பது!

படத்தைக் கண்ட மாமா உருகிவிட்டார். "பாத்தியளே, வெள்ளைக்காரனே எங்கட முருகன் மாதிரிக் கீறியிருக்கிறான்!" என்று மேடையில் உயர்த்திக் காட்டினார்.

தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற சின்னத்துரை அண்ணை ஆறுதலாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேடையேறி, அடியில் இருந்ததை மைக்கில் தமிழாக்கினார். "எங்கட மந்திரி, எந்த ஏழையின்ரை பொக்கற்றையும் ஒதுக்காதவர்."

அப்போதுதான் பார்த்தேன், ஆறு கையும் சனத்தின் ஆறு பொக்கற்றுக்குள்! அரசியல்வாதிகளைக் கிழிப்பதற்கென்றே அந்தக் காலத்தில் இப்படி அச்சடித்து விற்றார்களாம்.

பின்வரிசையில் ஒருவர் கேட்டார், "ஆறுமுகத்துக்குப் பன்னிரண்டு கையெல்லோ? மிச்சம் ஆறும் எங்கை?"

"உண்டியலுக்கை," என்றார் சின்னத்துரை அண்ணை, மைக்கை அணைக்காமல்.

மாமா என் பக்கம் திரும்பினார். "நீர் இவரின்ரை ஆளோ? வேணுமெண்டே செய்தனீர்?"

வாணிதான் வாய் திறந்தாள். "அப்பா, உங்களை நக்கலடிக்கிற அளவுக்கு இவருக்கு மூளை இல்லை. சத்தியமா!"

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் முழுசிக்கொண்டு நின்றேன். "ஓம், அது முகத்திலையே தெரியுது," என்றார்.

அடுத்த வாரம் அவர் தோற்றார். தோற்ற கையோடு எங்கள் கல்யாணத்துக்குச் சம்மதமும் சொன்னார். "கெட்டிக்காரரை நம்பித்தான் கெட்டனான். இந்த மூளையில்லாத மோடனே எனக்குக் காணும்."

இன்றைக்கும் வீட்டில் ஏதாவது வாதத்தில் நான் வென்றுவிடுவேன் போலிருந்தால் வாணி விரலை உயர்த்துவாள்.

"கவனம்! மூளை இருக்கெண்டு தெரிஞ்சால் அப்பா சம்மதத்தைத் திருப்பி வாங்கிப்போடுவார்."