முட்டை ஓடும் மூன்றாவது கொலையும்

துப்பறியும் கதை படிக்கிறவனால் யாருக்கும் ஆபத்தில்லை. அதைப் பிறருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறவன்தான் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறான். நான் போட்டுக்கொண்டது புனேயில், சாங்வியில் ஒரு மொட்டைமாடி அறையில்.

தொண்ணூறுகளின் கடைசி. கோவையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருந்தேன். கல்யாணமாகாதவன் என்றாலே கதவைச் சாத்தினார்கள். அறை கொடுத்தவர்கள் கீழ்வீட்டு அங்கிளும் ஆன்ட்டியும்தான். தலைமுறை தலைமுறையாகப் புனேவாசிகள். தமிழ் பேசுவார்கள், ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. சுத்த சைவம். ஒரே நிபந்தனை, முட்டைகூட மாடியேறக் கூடாது. (ஆம்லெட் இல்லாமல் எனக்குப் பொழுதே விடியாது. ஆனாலும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினேன்.)

ஊரிலிருந்து நான் கொண்டுவந்த நாவலை ஆன்ட்டி ஒருநாள் பார்த்துவிட்டார். ரிடையரான நாலு கிழடுகள், மூட்டுவலித் தைலமும் கையுமாகக் கொலைகாரனைத் தேடும் கதை.

"எங்களுக்கும் படிச்சுக் காட்டேன்பா" என்றார்.

தினமும் சாயங்காலம் ஓர் அத்தியாயம். கூலி, சுடச்சுட ரசம் சாதம். கிழவிக்கு ஒரு குரல், வில்லனுக்கு ஒரு குரல் என்று நாடகமே போட்டேன். குப்பைத் தொட்டியைக் கிளறிக் கிழவி ஆளைப் பிடிக்கும் கட்டத்தில் அங்கிள் கைதட்டினார். என் நடிப்புக்குத்தான் என்று பூரித்துப்போனேன்.

அந்த வாரமே பக்கத்து வீட்டு மராட்டி அம்மா சண்டைக்கு வந்தார். பண்டரிபுரத்துக்கு மாலை போட்டவர். அவர் வீட்டுக் குப்பைத் தொட்டியில் முட்டை ஓடு, அதுவும் ஏகாதசியன்று! (போட்டது அடியேன். நம் வீட்டுத் தொட்டியில் போட்டால் மாட்டிக்கொள்வேன் என்று யோசித்த மகா புத்திசாலி.)

சாயங்காலம் புத்தகத்தோடு கீழே போனால், மேஜைமேல் ஒரு பொட்டலம். ஆன்ட்டி அதை இடுக்கியால் பிரித்து வைத்திருந்தார்.

"தம்பி, பக்கத்து வீட்டுக் கச்ரா டப்பாவுல கிடைச்சுது. சுத்தியிருக்கிற பேப்பர்ல என்னமோ எழுதியிருக்கு பாரு. க்ளூ இருக்கும், படி."

நான் வாராவாரம் ஸ்டேஷன் கடையில் தேடிப்பிடித்து வாங்கும் தமிழ்ப் பத்திரிகையின் பக்கம் அது. கணீரென்று வாசித்தேன்.

"வாழைப்பூ வடை செய்யும் முறை..."

"வடையா?" ஆன்ட்டிக்கு ஏமாற்றம்.

"ஆமாங்க ஆன்ட்டி. இதுல துப்பு ஒண்ணும் இல்லீங்க. வழியில போறவங்க யாராச்சும் போட்டிருப்பாங்க."

அங்கிள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அரே பாபா, இந்தத் தெருவுல தமிழ் படிக்கிறவன் யாரு? எனக்கு வராது. இவளுக்கு வராது. மத்தவங்க எல்லாம் மராட்டி. பாக்கி யாரு?"

பாக்கி நான்தான்.

"ரூமைக் காலி பண்ணிடுப்பா" என்றார் ஆன்ட்டி. துப்புத் துலங்கிய சந்தோஷம் அவர் முகத்தில் துளிகூட இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அறைக்காக மட்டுமில்லை. சாப்பிட்டாயா என்று கேட்க அந்த ஊரில் எனக்கு வேறு யார் இருந்தார்கள்?

வாசல்வரை போனவனை ஆன்ட்டியே கூப்பிட்டார். "கொலை பண்ணது யாருன்னு தெரியாம எப்படி? கதை முடியட்டும். அப்புறம் போ."

மிச்சமிருந்தது இரண்டே அத்தியாயம். முடிப்பேனா நான்? கொலைகாரன் பிடிபடும் இடத்தில் இன்னொரு பிணத்தைக் கொண்டுவந்து போட்டேன். அந்த மூன்றாவது கொலை முழுக்க என் கைங்கரியம். செத்தவருக்கு ஓர் இரட்டைச் சகோதரர் முளைத்தார். கிழவி காசிக்குப் போய்த் தொலைந்து, திரும்பிவந்தாள். மழைக்காலம் தாண்டி, தீபாவளி தாண்டி, எனக்குக் கல்யாணம் நிச்சயமாகும்வரை கதை ஓடியது. (முட்டையை அன்றே விட்டுவிட்டேன். சத்தியமாக.)

கல்யாணத்துக்கு இருவரும் கோவைக்கே வந்தார்கள். ஆன்ட்டி மணப்பெண் காதில் ஏதோ சொல்லிச் சிரிக்க, மாலையும் கழுத்துமாக நான் முழித்தேன். என்னவென்று என் மனைவி சாயங்காலம்தான் சொன்னாள்.

"உன் புருஷன் மாசக்கணக்கா ஒரே பக்கத்தைத் திறந்து வச்சுக்கிட்டுப் படிச்சான்மா. எங்களுக்கு எழுத்துதான் தெரியாது, பக்கம் திரும்பலைன்னு கூடவா தெரியாது? கேட்டா கதை முடிஞ்சுடும், பையன் போயிடுவான்னு சும்மா இருந்துட்டோம்."

இன்றைக்கும் நான் வீட்டுக்கு லேட்டாக வந்து காரணம் சொல்ல ஆரம்பித்தால், என் மகள் சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"அம்மா, அப்பா பக்கத்தைத் திருப்பவே இல்லை!"