முறை வைத்து மெயில் விடுபவர்

திறந்துவிடுவதற்கென்றே சம்பளம் வாங்கிக்கொண்டு, மூடி வைத்திருப்பதில் பெருமைப்படும் ஓர் இனம் நம்மிடையே உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. மாதிரிக்கு, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியின் கணினிப் பிரிவுப் பொறுப்பாளர் லூர்துராஜை எடுத்துக்கொள்வோம்.

வெளி இணையத்திலிருந்து வரும் மெயிலைக் கல்லூரியின் உள்மெயிலுக்குத் திருப்பிவிடுவது அவர் வேலை. சர்வரே அதைச் செய்துவிடும். தானாக நடக்கிற காரியத்தில் மனிதனுக்கு என்ன மரியாதை? ஒருமுறை வைரஸ் மெயில் ஒன்று புகுந்து பிரின்ஸிபாலின் கணினியைப் படுக்க வைத்ததும், லூர்துராஜுக்குத் தம் திருவையாற்று வயல் நினைவுக்கு வந்தது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துத்தானே விடுகிறார்கள்? அன்றிலிருந்து வெளிமெயில் அனைத்தையும் வாசலில் நிறுத்தி, ஒவ்வொன்றாகப் பார்த்து, திங்கள் இயற்பியல், செவ்வாய் வேதியியல், புதன் வணிகவியல், வியாழன் தாவரவியல் என்று மதகு திறந்தார். கடைமடையான வெள்ளியைத் தம் பிரிவுக்கே வைத்துக்கொண்டார். நியாயஸ்தர். பிரின்ஸிபாலுக்கு மட்டும் தினமும் பாயும்.

“மெயில் ஒண்ணும் குறையலையே சார்” என்று ஒருவர் கேட்டார்.

“ஒழுங்கு குறையுதுங்களே” என்றார் லூர்துராஜ்.

ஒரு செவ்வாய்க்கிழமை தாவரவியல் விரிவுரையாளர் செம்மொழி வந்து நின்றார். உப்புநீர் தாங்கும் நெல் பற்றி வெளிநாட்டில் ஈராண்டு ஆய்வு செய்ய எட்டு மாதமாகக் காத்திருந்தவர். இடம் கிடைத்துவிட்டது, மெயில் அனுப்பியாயிற்று என்று போனில் சொல்லிவிட்டார்கள். அதிலுள்ள இணைப்பை அழுத்தி, புதன்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

லூர்துராஜ் திரையைப் பார்த்தார். மெயில் அங்கேதான் இருந்தது.

“வந்திருக்குங்க மேடம்.”

“விட்டுடுங்க சார்.”

“உங்க முறை வியாழக்கிழமைங்க. இன்னைக்கு உங்களுக்குத் தொறந்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. துறைத்தலைவரை எனக்கு ஒரு மெயில் போடச் சொல்லுங்க, பார்த்ததும் விட்டுடறேன்.”

துறைத்தலைவர் மங்களாம்பிகை நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பாவம், பந்தியிலிருந்து எழுந்து, செல்போனில் தம் சொந்த முகவரியிலிருந்தே எழுதி அனுப்பினார். அதுவும் வெளிமெயில்தானே? செம்மொழியின் மெயிலுக்குப் பின்னால் போய் ஒழுங்காக நின்றது.

புதன்கிழமை செம்மொழி மறுபடி வந்தார்.

“துறைத்தலைவர் மேடம் எனக்குப் போட்ட மெயில் வரிசையில நிக்குதுங்க. ஆனா என் முறை வெள்ளிக்கிழமை. எனக்குன்னு தனிச் சட்டமா?”

வியாழக்கிழமை மதகு திறந்தது. செம்மொழிக்கு இரண்டு மெயில் வந்தன. ஒன்று, இடம் உண்டு என்றது. அடுத்தது, பதில் வராததால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம், வருந்துகிறோம் என்றது. செம்மொழி கணினியை அணைத்துவிட்டு வகுப்புக்குப் போனார். எனக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை லூர்துராஜ் துறைத்தலைவரின் மெயிலைத் திறந்து, ஒரு வரி விடாமல் படித்து, ‘அனுமதிக்கப்பட்டது’ என்று செம்மொழிக்கு உள்மெயிலில் பதில் போட்டார். அது ஒரு நொடியில் போய்ச் சேர்ந்தது.

நல்லவேளை, நாம் அப்படியில்லை என்கிறீர்களா? போன வாரம் உங்களிடம் ஒருவர் ஒரு கையெழுத்துக் கேட்டு வந்தாரே, “திங்கட்கிழமை பார்க்கலாம்” என்றீர்களே. அவருக்கு என்றைக்குள் வேண்டும் என்று கேட்டீர்களா? இன்று என்ன கிழமை?