ரேடியேட்டரில் மிளகுக் கஷாயம்

அந்நாளில் மைசூரில் ஓடிய மோட்டார் கார்களில் பாதி நாடி மேஸ்திரியால் பிழைத்தவை. மீதிப் பாதி அவரிடம் போகாததால் பிழைத்தவை.

அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமா என்பது சந்தேகம். எங்கள் தெருமுனையில் தகரக் கொட்டகை போட்டு மெக்கானிக் வேலை பார்த்தார். வண்டி வந்து நின்றதும் ரேடியேட்டர் குழாயில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "பித்தம் ஏறியிருக்கு" என்பார். ஒரு வக்கீலின் காருக்கு, "கொஞ்ச நாளைக்கு மேடு ஆகாது" என்று பத்தியம் விதித்துவிட, அந்த மனிதர் சாமுண்டி மலைக்கு நடந்தே போய்வந்தார்.

யுத்தத்துக்கு முந்தின வருஷம். சீமைக்குப் போன ஒரு எஸ்டேட் துரையின் பழைய காரை அப்பா வாங்கியிருந்தார். அதில் முன் சீட்டுக்கு எதிரே ஹீட்டர் என்று ஒரு பெட்டி இருந்தது. மைசூரில் அது எதற்கு? அம்மா அதன்மேல் வெற்றிலைச் செல்லத்தை வைத்துக்கொள்வாள்.

தை பிறந்ததும் அந்தப் பெட்டிக்கு மவுசு வந்துவிட்டது. அக்காவைக் கைக்குழந்தையோடு ஊட்டியில் கொண்டுபோய் விட வேண்டும். அங்கே ரயில்வேயில் இருந்த அவள் வீட்டுக்காரர், லீவு கிடைக்காமல், மகன் முகத்தையே இன்னும் பார்க்கவில்லை. குழந்தைக்கோ நெஞ்சுச் சளி. குளிர்காற்று படவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பா ஹீட்டரைப் போட்டுப் பார்த்தார். ஜில்லென்று காற்று வந்தது.

"இது சரியானாத்தான் பயணம். இல்லேன்னா சித்திரையிலதான்" என்றார் அப்பா. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேஸ்திரியிடம் போனோம். விரல் வைத்துப் பார்த்தார்.

"ஸ்வாமி, வண்டிக்குக் குளிர் ஜுரம்."

"இன்ஜின்ல சூடாகிற தண்ணி இந்தப் பெட்டிக்குள்ள வந்தாத்தான் சூடு வரும். ஏன் வரலேன்னு பாருங்க" என்றார் அப்பா.

"பாக்காம இருப்பனா? ஸ்வல்ப சும்னே, கொஞ்சம் சும்மா இருங்க."

பார்த்தார். ரேடியேட்டரில் தண்ணீர் நிறைய இருந்தது. ஹீட்டர் விசிறி சுற்றியது. பெட்டிக்குத் தண்ணீர் விடும் திருகு திறந்திருந்தது. குழாயில் அடைப்போ என்று வாய் வைத்து ஊதினார். முகமெல்லாம் துருத் தண்ணீர் அடித்தது. அதற்குமேல் அவருடைய இங்கிலீஷ் வைத்தியம் தீர்ந்துபோய் நாட்டு வைத்தியம் தொடங்கியது. மனைவியை மிளகுக் கஷாயம் போடச் சொல்லி, ரேடியேட்டரில் ஊற்றிவிட்டார்!

குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு அக்காவும் ஏறிக்கொள்ள, நஞ்சன்கூடு ரோட்டில் வெகுதூரம் போய்த் திரும்பினோம். காற்று அதே ஜில்லென்றுதான் வந்தது. ரசவாசனை மட்டும் கூடியிருந்தது.

"பசிக்குது மேஸ்திரி. சூடு எங்கே?" என்றாள் அக்கா.

அப்பா எங்களைக் கொட்டகையில் இறக்கிவிட்டு, கோபத்தோடு வீட்டுக்கு நடந்தார். மேஸ்திரி மறுபடி குழாயில் விரல் வைத்தார்.

"இவ்ளோ தூரம் ஓடியும் வெதுவெதுன்னுதானே இருக்கு?" என்று முனகினார். இன்ஜினே சூடாகவில்லை என்றால் ஹீட்டர் எதைக் கொடுக்கும்? அவர் முகம் மாறியது. கொட்டகையில் மாட்டியிருந்த பிள்ளையார் படத்தை மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

பிள்ளையாருக்குப் பித்தளையில் மாலை போட்டிருந்தது. எல்லாம் தெர்மோஸ்டாட். சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் இன்ஜினுக்குள்ளேயே பிடித்துவைக்கும் சின்ன மூடி அது. கோடையில் எந்த வண்டி கொதித்தாலும் மேஸ்திரி முதலில் அதைத்தான் பிடுங்குவார். "தொண்டையில கட்டி. எடுத்தாத்தான் மூச்சு விடும்" என்பார். போன சித்திரையில் எங்கள் வண்டித் தொண்டையிலும் கை வைத்திருக்கிறார். பிடித்துவைக்க ஆளில்லாத தண்ணீர், தை மாதக் குளிரில் ஓடி ஓடி ஆறிக்கொண்டே இருந்தது.

மாலையைக் கழற்றி ரசப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்தார். சூட்டில் எது வாய் திறக்கிறது என்று பார்க்க.

"வண்டிக்குக் கஷாயம், நமக்குப் பித்தளைக் குழம்பா?" என்றாள் அவர் மனைவி.

வாய் திறந்தவற்றில் ஒன்று எங்கள் வண்டிக்குப் பொருந்தியது. கஷாயத்தைக் கொட்டி நல்ல தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்த்தோம். சூடான காற்று வந்தது. அக்கா அந்தப் பெட்டிக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு சிரித்தாள்.

அப்பா வந்தார். "என்னதான் கோளாறு?"

"பழைய துரை நினைப்புல ஏங்கிப் போயிருந்தது, ஸ்வாமி" என்றார் மேஸ்திரி, கண் இமைக்காமல்.

ஊட்டிக்கு, யாரும் கூப்பிடாமலே, அவரும் வந்தார். சூடு முன் சீட்டோடு சரி. அங்கே அக்காவும் குழந்தையும். பின்னால் என் பக்கத்தில் மேஸ்திரி ஒற்றைச் சட்டையோடு பல் கிட்டிக்க உட்கார்ந்து, வழியெல்லாம் "குழந்தை சூடா இருக்கானா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். சூடாகத்தான் இருந்தான். மலை ஏறியதுகூடத் தெரியாமல் தூங்கினான்.

ஊட்டியில் அக்கா இறங்குவதற்காகக் குழந்தையை மேஸ்திரி கையில் கொடுத்தாள். அவளுடைய வீட்டுக்காரர் ஓடிவந்துகொண்டிருந்தார். மேஸ்திரி அவசரமாகக் குழந்தையின் காதருகே குனிந்தார்.

"வண்டி மேல தப்பில்ல, ராஜா. நான்தான் புடுங்கி வச்சேன். தாத்தாகிட்ட சொல்லிடாதே, ஆங்?"

குழந்தை சொல்லவில்லை. அப்பா இருந்தவரை நானும் சொல்லவில்லை. அந்த மனிதர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.