துண்டுக்கடியில் ஒரு கீபோர்டு

உலகத்தில் மொபைல் போன் செய்தவன் எவனும் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றினவன் இல்லை. இருந்தால் வழவழ கண்ணாடி மேல் எழுத்தை வைத்திருப்பானா? இருபது வருஷமாகத் தியாகதுருகம் ரோட்டுக் கடையில் காயில் சுற்றி என் கட்டைவிரல் காய்த்துப் போயிருக்கிறது. நான் 'ஓகே' என்று தட்டினால் மாமியாருக்கு முத்தப் பொம்மை போகிறது.

அதனால் போனுக்கடியிலிருந்து இழுப்பறை மாதிரி சறுக்கி வெளியே வரும் கீபோர்டு ஒன்று செய்வதென்று முடிவு கட்டினேன். உலக நன்மைக்காக என்று வீட்டில் சொன்னேன். உண்மைக் காரணம் ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறானால் என் மனைவி ஜெயசுதா என்னை நைனார்பாளையத்துக்கு, அவள் அண்ணன் வீட்டுக்கு இழுத்துப் போவாள். பெயர் விருந்து. மச்சான் அறிவுச்செல்வன் வாசலிலேயே ஸ்பானரைக் கொடுத்து, மோட்டார் பார்க்கக் கிணற்றில் இறக்கிவிடுவார். இந்த ஞாயிறாவது நண்பன் தீனதயாளனோடு கல்வராயன் மலை அருவியில் குளித்து, நாட்டுக்கோழி தின்ன எனக்கு ஆசை. ஆனால் ஜெயசுதா கடையிலும் எதிரில்தான், வீட்டிலும் எதிரில்தான். போனைப் பார்க்காமலே சேதி அனுப்பியாக வேண்டும்.

பழைய கம்ப்யூட்டரில் சிடி தட்டு வெளியே வருமே, அந்தச் சறுக்குப்பட்டையைக் கழற்றினேன். ரிமோட், கால்குலேட்டர், பட்டன் போன் என்று கண்டதிலும் பிடுங்கி இருபத்தாறு பட்டன் சேர்த்தேன். விரலுக்குச் சுகமா என்று பார்க்க ஒரு வாரம் ஜெயசுதாவிடமே கொடுத்தேன். என் புத்தியை எந்தச் செருப்பால் அடிப்பது?

"எப்படி இருக்கு சுதா?"

"சொகமாத்தான் இருக்குதுங்க. ஓரம்தான் குத்துது."

"தேய்ச்சுடறேன்."

"நடுவுல கொஞ்சம் மேடா வையிங்க. வெரலு தானா போய் ஒக்காரும்."

தேய்த்தேன். மேடாக்கினேன். தலைப்பிள்ளை பெற்றவன் மாதிரி பூரித்துப் போனேன்.

வெள்ளிக்கிழமை அவள் எதிரே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தாள். நான் மடியில் துண்டைப் போட்டு, அதற்கடியில் கீபோர்டை இழுத்தேன். முகத்தில் பக்தி. விரலில் துரோகம். 'தீனா, ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கூப்பிடு. மோட்டார் எரிஞ்சுபோச்சு, உடனே வான்னு சொல்லு.'

"இன்னா பண்றீங்க?"

"தொடை அரிக்குது."

"சொறிங்க, நல்லா சொறிங்க" என்றாள்.

ஞாயிறு சரியாக ஏழு மணிக்குப் போன் அடித்தது. ஜெயசுதா புதுப்புடவையில் தயாராக நின்றாள். நான் ஸ்பீக்கரைப் போட்டேன். "அண்ணே, மோட்டார் எரிஞ்சுபோச்சு" என்றது குரல்.

"இன்னாது, மோட்டார் எரிஞ்சுபோச்சா? அடடா! இப்பவே வரணுமா?"

"ஆமாண்ணே" என்றான் தீனதயாளன், துக்க வீட்டுக் குரலில். "நைனார்பாளையத்துக்கு."

நான் ஜெயசுதாவைப் பார்த்தேன்.

"ஒரு வாரமா நானே தட்டிக்கினு இருந்தேனே, தெரியாதா? ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு சத்தம். ரிமோட்டு பட்டன் டொக்குங்குது, கால்குலேட்டரு பட்டன் டிக்குங்குது. நீங்க தட்டத் தட்ட எழுத்தெழுத்தா காதுல வுழுந்துச்சு. தீனா பொண்டாட்டி மணிமொழிகிட்ட அப்பவே சொல்லிட்டேன்."

தீனதயாளன் இன்னும் லைனில்தான் இருந்தான்.

"அண்ணே, வரும்போது பழைய லுங்கியா ரெண்டு எடுத்துக்கினு வாங்க. கெணத்துல நானும் எறங்கணுமாம்."