மூக்குக் குழாய் எரிந்த முழு விவரம்

அன்பும் அறிவும் நிறைந்த (அறிவு தாய்மாமன் வழி) மருமகளுக்கு, மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் மூச்சோடு இருக்கிறோம். உன் சுகத்தை நானே கணித்துவிட்டதால் கேட்கவில்லை.

இப்படித்தான் நடக்கும் என்று அன்றைக்கே சொன்னவன் நான். உன் அப்பாவுக்கு நுரையீரல் பழுது என்று டாக்டர் படம் எடுத்துக் கண்டுபிடித்தார். நான் அத்தான் படியேறுகிற சத்தத்திலேயே கண்டுபிடித்தேன். சிகரெட்டை விடவைக்கும் பொறுப்பை நீ என்னிடம் கொடுத்ததும் வந்த அன்றே வீட்டைச் சல்லடை போட்டு, ஷூவுக்குள் ஒன்று, சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் நாலு என்று பறிமுதல் செய்து, யார் கையிலும் சிக்காதபடி என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். "இழுக்கணும்னு தோணினா என் மூஞ்சியப் பாருங்க அத்தான்" என்றேன். "அதப் பாத்தாதான்டா தோணுது" என்றார். நன்றி கெட்ட மனுஷன்.

செவ்வாய்க்கிழமை ஆக்சிஜன் மெஷினின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டே ஒன்றைப் பற்றவைத்தார். குப்பென்று தீ. நான் புலி மாதிரி பாய்ந்து மெஷினை அணைத்து, ஈரத்துண்டால் அமுக்கி, அவர் உயிரை மீட்டுக் கையில் கொடுத்தேன். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து மெஷினைப் பார்க்க வந்த நர்ஸம்மா கருகின குழாயைத் தூக்கிப் பார்த்து, நோயாளி புகைப்பது உண்மையானால் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் போனார். மெஷின் இல்லாமல் உன் அப்பாவால் ஒரு ராத்திரிகூடத் தூங்க முடியாது. அவர் வாயே திறக்கவில்லை. நான்தான் முகக்கவசம் போட்டுக்கொண்டு ஒழுக்கத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசினேன். போகட்டும், பெரிய மனசு பண்ணி அவரை மன்னித்துவிடு.

நீண்ட மூச்சோடு நூறாண்டு வாழ வாழ்த்தும்,
உன் மாமா.

பி.கு.: ஒட்டின உறையைப் பிரிச்சு எழுதறேன். ஒரே ஒரு சின்ன விஷயம் நானாச் சேர்த்தது. பத்தவெச்சது உங்கப்பா இல்ல. அவர் விட்டு நாப்பத்தோரு நாளாச்சு. அவர் குளிக்கப் போயிருந்தப்போ, அந்தக் குழாய் எப்படித்தான் இருக்கும்னு என் மூக்குல மாட்டிப் பாத்தேன். பையில பறிமுதல் சாமான் வேற இருந்துச்சு. ஓடி வந்து அணைச்சது அவர்தான். அப்புறம் மூச்சு நிதானத்துக்கு வர அவருக்கு அரைமணி நேரம் ஆச்சு. நர்ஸம்மாகிட்ட என்னைக் காட்டிக்கொடுக்கல. பேச மூச்சில்லைன்னு நெனச்சேன். அவங்க போனதும் என்னை நல்லாத் திட்டினார், மூச்சு இருந்திருக்கு. முகக்கவசத்துக்குள்ள எனக்கு இப்போ பாதி மீசைதான். வெள்ளிக்கிழமை கவசத்தைக் கழட்டிக் காட்டிடறதா முடிவு பண்ணியிருக்கேன். ஆனாலும் நீ எதுக்கும் முன்கூட்டியே நர்ஸம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிடு. நான் கழட்ட மாட்டேன்னு எனக்கு இப்பவே தெரியும்.