அவித்த முட்டைக்கோசும் அலுவலக அன்பும்

மார்ச் மாதம் பதினான்காம் நாள் தொடங்கி, குடிநீர் அலுவலகக் கணக்கர் ஒருவருக்கு இழைக்கப்பட்ட கொடுமை இதுதான்: அவருக்கு வயிறு நிறையச் சாப்பாடு போட்டார்கள்.

மேல்நிலைத் தொட்டிகளின் மேற்பார்வையாளர் பதவி காலியாக இருந்தது. சம்பளம் அதிகம்; ஆனால், தொட்டியின் இரும்பு ஏணி எண்பது கிலோவுக்கு மேல் தாங்காது. அதைத் தாண்டியவர் விண்ணப்பிக்க வேண்டாம் என்று பொறியாளர் அறிவித்துவிட்டார். கணக்கரின் எடை எண்பத்தைந்து. எடை பார்க்கும் நாளோ அடுத்த மாதக் கடைசி.

மருத்துவர் எழுதித் தந்த உணவுமுறையை மனைவி படித்தார்.

"பாதாம், ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய்... இதெல்லாம் வாங்கினா நீங்க மட்டும் இல்ல, வீடே இளைச்சிடும்."

"அப்ப என்ன பண்றது?"

"சந்தை கலையற நேரத்துல முட்டைக்கோஸ் மலிவா கிடைக்கும். அவிச்சுத் தரேன். வாயை மூடிக்கிட்டு சாப்பிடுங்க."

வாயை மூடிக்கொண்டு சாப்பிடும் முறை கணக்கருக்கு விளங்கவில்லை, எனினும் உடன்பட்டார்.

மறுநாள் மதியம் அவர் டப்பாவைத் திறந்ததும் பக்கத்து மேசைத் தட்டச்சர் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே இது, துணி ஊறவெச்ச மாதிரி இருக்கு?"

"உடம்பைக் குறைக்கிறேம்மா. அந்தத் தொட்டிப் பதவிக்காக."

"எங்ககிட்ட போய் மறைக்கலாமா? வீட்ல கஷ்டம்னா வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா?"

தட்டச்சரின் கண் கலங்கியது. பொரித்த மீன் துண்டுகள் கணக்கரின் டப்பாவுக்கு இடம்பெயர்ந்தன. பிறருடைய கோப்பானாலும் மீனானாலும், அன்போடு கொடுத்ததை மறுக்கும் வன்மை அவருக்கு என்றுமே இருந்ததில்லை. உண்டார்.

அடுத்த நாள் பண்டகக் காப்பாளர் கோழிக் குழம்போடு வந்தார்.

"உன் தங்கச்சி உனக்குன்னே செஞ்சது மாப்ளே. மிச்சம் வெச்சா அழுதுடுவா."

"சத்தியமா இது டயட்டுப்பா!"

"பாத்தீங்களா, பசியிலயும் ரோஷம் போகல!" என்று அவர் அறை முழுவதற்கும் அறிவித்தார்.

டப்பா இருந்தால்தானே இரக்கம் என்று எண்ணிய கணக்கர், மறுநாள் வெறுங்கையோடு சென்றார். "டப்பாவே வரலையே!" என்று அறையே பதறியது. அன்றுமுதல் ஆளுக்கொரு நாள் முறைவைத்துக் கொண்டுவந்தார்கள். பம்பு அறையில் ஒளிந்தார். தட்டு, காவலாளியின் கையில் அங்கேயே வந்து சேர்ந்தது. எடையைக் கரைக்க வீட்டுக்கு நடந்தார். "பஸ்ஸுக்குக்கூட காசு இல்லையாண்ணே?" என்று தட்டச்சரின் கணவர் அவரை வண்டியில் ஏற்றி, வழியில் பேக்கரியிலும் நிறுத்தினார்.

வீட்டில் மனைவி அவரைச் சுற்றிவந்து பார்த்தார்.

"முட்டைக்கோஸைத் தின்னு ஊதற ஒரே ஆள் நீங்கதான்."

அந்தக் குற்ற உணர்வில், இரவு வைத்த முட்டைக்கோஸையும் கணக்கர் மிச்சமின்றி உண்டார்.

குறித்த நாளில், குழாய்களை நிறுக்கும் எடைமேடையில் அவரை ஏற்றினார்கள். பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் பார்த்தார்.

"எண்பத்தொன்பது. ஏணிக்கு இல்லைய்யா, தொட்டிக்கே ஆபத்து!"

பதவி வேறோர் அலுவலகத்தாருக்குப் போயிற்று. கூடுதல் சம்பளத்தை நம்பி, ஒழுகும் வீட்டை மாற்றிவிடலாம் என்று மனைவியிடம் சொல்லியிருந்த கணக்கர் தலைகவிழ்ந்து அமர்ந்தார். அறையே திரண்டு ஆறுதல் கூறியது. தட்டச்சர் கேக் ஊட்டினார். பண்டகக் காப்பாளர் தோளில் சாய்த்துக்கொண்டார்.

மாலையில் வாயிற்கதவருகே கணக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டு காவலாளியிடம் சொன்னார்:

"பதவி கிடக்குதுய்யா. இப்படிப்பட்ட மனுஷங்க எங்க கிடைப்பாங்க?"

"கிடைக்க மாட்டாங்க சார். நீங்க ஏணி ஏறப் போயிட்டா அவங்க வேலையையும் சேர்த்து யார் பார்க்கறதுன்னு, எடை அறிவிப்பு வந்த அன்னிக்கே கூட்டம் போட்டு, யார் யார் என்ன சமைக்கிறதுன்னு பிரிச்சுக்கிட்டாங்களே!"

வாசகரே, உம் பங்கு வேலையை இன்றே நீரே செய்து முடித்துவிடும்.