தலைமையகத்தின் வலது கை

மனித குலம் இதுவரை கண்ட மூளைகளிலேயே மிக உயர்ந்த 'நிர்வாகத் திறன்' கொண்ட மூளை, நீர் விநியோக அலுவலக மேலாளரின் கழுத்துக்கு மேல்தான் இருக்கிறது. இதில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் அவருடைய தங்கையிடம் கேட்டுக்கொள்ளலாம்.

"எங்க அண்ணன் உக்காந்த எடத்துலேருந்தே ஊரை ஆளுற மூளைங்க!" என்பாள்.

உட்கார்ந்த இடம் என்று அவள் சொல்வது முற்றிலும் உண்மை. வீட்டுக் கூடத்தில் அவருக்கென்று ஒரு மர நாற்காலி. வலது கையை அதன் முதுகுக்குப் பின்னால் தொங்கப் போட்டுக்கொண்டு "ம்" என்பார். தண்ணீர் வரும். இன்னொரு "ம்". மின்விசிறி சுழலும். கொஞ்சம் இழுத்து "ம்ம்" என்றால் கால்களில் காலுறை ஏறும். மூளை கட்டளையிடுகிறது, கைகால்கள் இயங்குகின்றன. எல்லா உயிர்களுக்கும் பொதுவான ஏற்பாடுதான். இங்கே ஒரு சிறு திருத்தம்: மூளை அவருடையது, கைகால்கள் அவர் மனைவியுடையவை.

மனைவி தையல்காரி. பள்ளிச் சீருடைக்குக் காலர் வைப்பதில் அந்தத் தெருவிலேயே அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருக்கும்போது "ம்" கேட்டால் போதும், ஊசி துணியிலேயே நிற்கும், அவள் கை தண்ணீர்ப் பானையில் இருக்கும்.

இப்பேர்ப்பட்ட நிர்வாகத்துக்கும் ஒரு சோதனை வந்தது. அலுவலகக் கூட்டத்தில், 'சிக்கன நடவடிக்கைக் குழு' அமைக்க ஆதரவு தருவோர் கை உயர்த்தலாம் என்றார்கள். மேலாளர் உயர்த்தினார். கை உயர்ந்தது. மணிக்கட்டு மட்டும் கொடியில் போட்ட ஈரத்துணி மாதிரித் தொங்கியது. என்ன முக்கியும் நிமிரவில்லை. நடவடிக்கைக் குறிப்பில் 'மேலாளர்: அரை ஆதரவு' என்று முறைப்படி பதிவு செய்துவிட்டு, ஆளை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

மனைவி பயந்துபோனாள். பக்கவாதமாக இருந்துவிட்டால்? வெட்டிய துணியை வெட்டியபடியே போட்டுவிட்டு, நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு நரம்பு மருத்துவரிடம் ஓடினாள்.

மருத்துவர் சின்ன வயதுப் பெண். "சார், உங்க சட்டைப் பொத்தானைப் போடுங்க பாக்கலாம்."

"ம்" என்றார் மேலாளர்.

மனைவியின் கை போய்ப் பொத்தானைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

"நீங்க இல்லம்மா, அவரு."

"ஐயோ, மன்னிச்சுக்குங்க டாக்டரம்மா."

"சார், அந்தப் பேனாவை எடுங்க."

"ம்."

பேனா உயர்ந்தது. மனைவியின் கையில்.

"அம்மா!"

"நான் எடுக்கல டாக்டரம்மா. அதுவா போகுது!"

மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சூடான பாத்திரத்தைத் தொட்டா, மூளைக்குச் சேதி போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே கை வெடுக்குனு வந்துடுது இல்ல? முதுகுத்தண்டே முடிவு பண்ணிடும். உங்க கதையும் அப்படி ஆயிடுச்சு."

"அப்ப மூளை இவரோடது, முதுகுத்தண்டு என்னோடதா?"

"அண்ணி, வைத்தியம் அண்ணனுக்கு. வாயை மூடிட்டு இருங்க" என்றாள் நாத்தனார்.

மருத்துவர் மேலாளரை நடக்கச் சொன்னார். கண்ணை மூடித் திறக்கச் சொன்னார். சிரிக்கச் சொன்னார். இது மட்டும் சற்றுத் தாமதமானது. வியாதியால் அல்ல, பழக்கம் விட்டுப்போனதால்.

"பயப்படாதீங்க. மூளைல ஒன்னுமில்ல."

"அதான் நான் அப்பவே சொன்னேனே" என்று நாத்தனார் பூரித்தாள்.

"மூளைலேருந்து கட்டளை ஒழுங்காத்தான் கெளம்புது. மேல்கையில நரம்பு நசுங்கியிருக்கு. அதனால மணிக்கட்டுக்குப் போய்ச் சேரல. கையை எங்கயாவது ரொம்ப நேரம் தொங்கப் போடுவாரா?"

"யோசிக்கும்போது நாற்காலி மேல போட்டுக்குவாரு" என்றாள் நாத்தனார்.

"யோசனையில கொறட்டையும் வரும்" என்றாள் மனைவி.

"சரி, எப்பலேருந்து கை இப்படி இருக்கு? யோசிச்சுச் சொல்லுங்க. தானா சரியாகுமா, ஆபரேஷன் வரைக்கும் போகணுமான்னு அதை வச்சுத்தான் சொல்ல முடியும்."

மேலாளர் இந்தக் கோப்பையும் உரிய பிரிவுக்கு அனுப்பினார். "அவளைக் கேளுங்க."

மனைவி உண்மையாகவே யோசித்தாள். ஆபரேஷன் விஷயமாயிற்றே. காலையில் தலை வாரியது யார்? அவள். நேற்றுக் குடை பிடித்தது? அவள். போன மாதம், போன வருஷம், பிள்ளை பிறந்தபோது... அந்தக் கை எதையாவது செய்ததைப் பார்த்த நாள் ஒன்று அகப்படுமா என்று நினைவில் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தாள்.

"எழுதிக்குங்க டாக்டரம்மா. கல்யாணத்தன்னைக்கு எனக்கு மோதிரம் போட்டாரு. அப்ப நல்லாத்தான் வேலை செஞ்சுது."

"அப்புறம்?"

"அப்புறம் நான் பாக்கல."

"அண்ணி!" என்று நாத்தனார் கத்தினாள்.

மருத்துவர் பேனாவை மூடிவிட்டு அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கட்டை விரல் துளி அசைந்தது. "உயிர் இருக்கு. ஆபரேஷன் வேண்டாம். மணிக்கட்டுக்குப் பட்டை கட்டி விடறேன், பயிற்சி சொல்லித் தரேன். ஒரே நிபந்தனை. சாரோட வேலையை சார்தான் செய்யணும். யாராவது கை கொடுத்தா, இந்தக் கை இப்படியே நின்னுடும்."

"இவ்வளவு கடுமையான வைத்தியமா?" என்று நாத்தனார் கண் கலங்கினாள்.

மேலாளருக்குத் தொண்டை காய்ந்தது. மேசை மேல் தண்ணீர் டம்ளர் இருந்தது.

"ம்" என்றார்.

மனைவியின் இரண்டு கைகளும் துள்ளின. அவள் அவற்றை மடக்கி அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"ம்ம்!"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அவர் கை கெட்டுவிடக் கூடாதே என்ற பயம்தான் அவளைப் பிடித்து வைத்திருந்தது.

வேறு வழியில்லாமல் தலைமையகம் தானே களத்தில் இறங்கியது. மேலாளர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, இடது கையை நீட்டி, டம்ளரை எடுத்து, பாதியைச் சட்டைக்கும் மீதியை வாய்க்கும் கொடுத்துக் கீழே வைத்தார். வைத்ததும் முகம் சுளித்தார்.

"கை வலிக்குதுடி."

மருத்துவர் திடுக்கிட்டு எழுந்தார். "அது நல்ல கையாச்சே சார்! அதுக்கு என்ன ஆச்சு?"

"அதுக்கு ஒன்னுமில்ல டாக்டரம்மா" என்றாள் மனைவி. "இன்னைக்குத்தானே வேலைக்குச் சேந்திருக்கு. முதல் நாள் அப்படித்தான் இருக்கும்."